அறுபத்தியொரு மணி நேர அடைகாப்பு

உலகத்தில் புற்றுநோயைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள், புற்றுநோயிடம் தோற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதை வயிற்றில் வைத்து அடைகாத்து, ஊதி ஊதி மூச்சுக் கொடுத்து, பிள்ளை குட்டி பேரன் பேத்தியோடு வாழவைத்த ஒரே பெண்பிள்ளை தான்தான் என்று அடைக்கோழி சொல்லுவாள்.

"கோழி இருபத்தியொரு நாள் உக்காந்து பத்துக் குஞ்சு பொரிக்கும். நான் மூணே நாள். இன்னைக்கு என் குஞ்சுங்க பதினேழு நாட்டு ஃப்ரீசர்ல கோடி கோடியா தூங்குதுங்க."

அன்று காலை இதை அவள் தன் நாத்தனாரிடம் நாற்பதாவது தடவையாகச் சொன்னாள். நாத்தனாருக்குக் கண் அறுவை முடிந்து ஒரு வாரம். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, மறு கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை குடுவை அண்ணி?"

"பதினொண்ணு."

"போன தடவை ஏழுன்னீங்க."

"அதுக்கப்புறம் நாலு ஞாபகம் வந்துச்சு."

ஜன்னலோரம் விரிந்திருந்த செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்படி எதுவும் நடக்கலை."

அதுதான் தராசு. அடைக்கோழியின் கணவர். எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் கடைகடையாக ஏறி இறங்கி, எடைக்கல்லைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தியவர். பஸ்ஸில் ஆயிரம் பேர் என்று மனைவி சொன்னால் அறுபத்து மூன்று என்று திருத்துவார். மற்ற கதைகளில் எல்லாம் கணக்கைத்தான் திருத்துவார். இந்த ஒரு கதையை மட்டும் அடியோடு மறுத்துவிடுவார். முப்பத்தோரு வருடமாக, கல்யாண வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரி வரிசையிலும் சரி, அவள் வாயைத் திறந்ததும் அவர் சொல்கிற வாக்கியம் அது ஒன்றுதான். கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் நம்பாமலே கைதட்டினார்கள். அவர் கைகூடத் தட்டவில்லை.

அடைக்கோழி என்பது லேபில் வைத்த பெயர். மருந்து கொடுத்தாலும் சில புற்றுநோய்கள் ஏன் சாகாமல் பல்லை இளிக்கின்றன என்பதை ஆராய்ந்தே முப்பத்து நாலு வருடத்தை அவள் தீர்த்தாள். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. பரிசு, பட்டயம் எதையும் அவள் சுவரில் மாட்டவில்லை. ஆனால் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்ப்பாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

"மேடம், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து பேசறேன். லேப் புதுக் கட்டடத்துக்கு மாறுது. சரியான ரெக்கார்டு இல்லாத செல் எதையும் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு உத்தரவு. உங்க நாற்பத்திநாலுல ஒரு சிக்கல்."

நாற்பத்திநாலு என்றால் அந்தக் குஞ்சுகள்தான். அடைக்கோழி போனை எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வைத்தாள். வைத்திருக்கக் கூடாது.

"பழைய இன்குபேட்டரோட வெப்பப் பதிவு கிடைச்சிருக்கு. சாவி கொடுத்தா வட்டக் காகிதத்துல பேனா கோடு போடுமே, அது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து அறுபத்தியொரு மணி நேரம் அது முப்பத்தேழுக்குப் பதிலா இருபத்திரண்டு டிகிரியில கிடந்திருக்கு. அப்பத்தான் குடுவையில ஒட்டின செல் எதுவும் அதுல பிழைச்சிருக்காது. அதனால நீங்க பின்னாடி வளர்த்தது வேற ஏதோ செல்னு குழு சந்தேகப்படுது."

"வேற ஏதோன்னா?"

"பக்கத்து மேஜையிலிருந்து தாவி வந்தது."

செல் வளர்க்கிறவர்களை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. சில முரட்டு செல்கள் உண்டு. ஒரு சொட்டு தெறித்தால் போதும், அடுத்தவன் குடுவையில் குடியேறி, இருந்தவரைத் துரத்திவிட்டு, வீடே தன்னுடையது என்று உட்கார்ந்துகொள்ளும். நாற்பத்திநாலு அப்படிப்பட்டது என்றால், அடைக்கோழி முப்பத்தோரு வருடமாக யாரோ ஒருவனுடைய செல்லுக்குத் தாலாட்டுப் பாடியவள். எழுதிய கட்டுரை எல்லாம் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும்.

"உங்க நோட்டுல அந்த நாளுக்குப் பக்கங்கள் இருக்கு மேடம். ஆனா சாட்சிக் கையெழுத்து இல்ல. மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க அந்த நோயாளியோட ரத்தமோ திசுவோ இப்ப எதுவும் இல்ல. நேரில பார்த்தவங்க யாராவது கையெழுத்துப் போட்டா போதும். இல்லைன்னா நாளைக்குக் காலையில எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க. வீட்டுல யாராவது பார்த்தாங்களா?"

"யாரும் பார்க்கலை," என்றது செய்தித்தாள்.

"சரி. மூணு மணிக்கு நோட்டோட வரேன். யோசிச்சு வைங்க."

போனை வைத்த அடைக்கோழி பாதிக் கதையை அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவள் கதையைப் பாதியில் விடுவது வீட்டில் மின்சாரம் போனதுபோல. நாத்தனார் கட்டுப்போட்ட கண்ணைக்கூடத் திறக்கப் பார்த்தாள்.

சாட்சி இல்லாமல் இல்லை. மூன்று அடி தூரத்தில், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான்.

அந்த நாட்களில், நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டியைக் குடுவையில் வளர்க்க வேண்டியது அவள் பொறுப்பு. ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு வளர்த்தாள். நாற்பத்து மூன்றும் செத்தன. "மனுஷன் உடம்புல கேக்காமலே வளருது. உன் குடுவையில கெஞ்சினாலும் வளர மாட்டேங்குதே, அப்படி என்னம்மா பகை?" என்று லேப் தலைவர் கூட்டம் கூட்டிக் கேட்டார்.

நாற்பத்திநாலாவது ஒரு தையல்காரம்மாவினுடையது. கட்டியை எடுத்த மறுநாள் சம்மதப் படிவத்தோடு போனவளிடம் அந்த அம்மா சொன்னாள்: "என் உடம்புல சும்மா தின்னுட்டுக் கிடந்துச்சு. அங்கயாவது அதுகிட்ட வேலை வாங்குங்க." அடைக்கோழி வேலைக்குப் போன நாட்களில் இதைவிட நல்ல ஆராய்ச்சித் திட்டத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அது வளர்ந்தது. ஒரே ஒரு குடுவையில், நுண்ணோக்கியின் கீழே, சிதறின அரிசிபோல அங்கங்கே ஒட்டிக்கொண்டு. பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, கட்டடத்தின் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. அடைக்கோழியின் கணக்கில் அந்தச் சத்தத்தில் மூன்று தெரு ஜன்னல்கள் உடைந்தன. உண்மையில் ஒரு காக்காய் பறந்தது.

உறையவைக்கலாம் என்றால் செல்கள் போதாது. பக்கத்துக் கட்டட லேபில் இடம் கேட்டால், "உன் குடுவையில பூஞ்சை இருந்தா எங்க வம்சமே அழிஞ்சிடும்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வெந்நீர்ப் பையில் வைத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு டிகிரிக்கு ஏறியது. அந்தச் சூட்டில் செல்கள் வெந்துவிடும். சரியாக முப்பத்தேழு டிகிரியில், மின்சாரம் கேட்காமல், கூடவே நடந்து வரும் இன்குபேட்டர் ஒன்று எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே தன் வயிற்றில் கையை வைத்தாள். கதை அங்கே ஆரம்பித்தது.

குடுவையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டாள். மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாள். அந்தச் செல்களுக்குக் காற்றில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். நாம் விடுகிற மூச்சில் அது கிட்டத்தட்ட அதே அளவு இருக்கிறது. பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய் வழியாகப் பைக்குள் ஊதி, கட்டி, சட்டையின் கீழே வயிற்றில் படுக்கை வசமாக வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து மல்லாக்கப் படுத்தாள். அது குறைந்து குடுவையிலிருந்த சிவப்புத் திரவம் கத்தரிப்பூ நிறத்துக்குத் திரும்பும்போதெல்லாம் மறுபடி ஊதினாள். மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டர் வைத்து நோட்டில் எழுதினாள்.

வியாழக்கிழமை வந்தது. அன்றுதான் மேலிடக் குழு. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய், ஆராய்ச்சி தொடரலாமா மூடிவிடலாமா என்று முடிவு செய்கிறவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். அங்கே மல்லாக்கப் படுத்துக்கொண்டு பேச முடியாது. மேஜைமேல் ஏறிச் சைகை செய்தால்தான் அவளுக்குப் பேச்சே வரும். கல்யாணமாகி மூன்று வருடமே ஆன கணவனைப் பார்த்தாள். குறிப்பாக அவர் வயிற்றைப் பார்த்தாள். அந்த வயதிலேயே நல்ல வயிறு.

"முடியாது," என்றார் அவர், அவள் கேட்பதற்கு முன்பே.

"பத்தரை மணி நேரம்தாங்க."

"இன்னைக்குச் சந்தைக் கடையில சோதனை. பதினொரு கடை."

"உங்களை யாரு படுக்கச் சொன்னது? நடங்க. குடுவை நிறைய கழுத்து வரைக்கும் திரவத்தை ஊத்தி இறுக்கி மூடித் தரேன். தூர ஊருக்கு செல் அனுப்பும்போது அப்படித்தான் பண்ணுவோம். மூச்சுகூட ஊத வேண்டாம்."

அவர் மறுத்தார். பத்து நிமிடம் கழித்து, குடுவையை வயிற்றோடு துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு, தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோலப் படி இறங்கினார்.

நாலாவது கடையில், எடைக்கல்லின் அடியிலிருந்த முத்திரையைப் பார்க்கக் குனிந்தபோது சட்டைப் பொத்தான் தெறித்தது. உள்ளங்கை அளவு தட்டையான பாட்டில், உள்ளே கழுத்து வரை சிவப்புத் திரவம். கடைக்காரர் வாயைப் பிளந்தார். போன மாதம்தான் அவருக்கு அபராதம் போட்டிருந்தார் தராசு. சாயங்காலத்துக்குள் புகார் மேலதிகாரி மேஜைக்குப் போயிற்று: ஆய்வாளர் வயிற்றில் சாராய பாட்டிலைக் கட்டிக்கொண்டு சோதனைக்கு வருகிறார், மணிக்கொரு தரம் மூலைக்குப் போய்ச் சட்டைக்குள் கையை விடுகிறார்.

நோயாளியின் கட்டியைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோனது தெரிந்தால் அடைக்கோழிக்கு அன்றோடு வேலை போய்விடும். விளக்கம் கேட்டு வந்த தாளில் தராசு ஒரே வரி எழுதினார்: அன்று என்னிடம் எந்தப் பாட்டிலும் இல்லை.

"குடுவையைத்தானே கட்டியிருந்தீங்க? பாட்டில் இல்லைன்னு எழுதினது பொய்யில்லையே," என்று அவள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

"இப்படிப் பேசுற கடைக்காரனுக்குத்தான் நான் அபராதம் போடுறேன்," என்றார் அவர். சாப்பிடாமல் போய்ப் படுத்தார். பணியில் இருந்த காலத்தில் அவர் எழுதிய ஒரே பொய் அது. "இதுல நான் இருந்தேன்னு நீ எங்கயும் சொல்லக்கூடாது," என்று கேட்டுக்கொண்டார். அவளும் கையடித்துக் கொடுத்தாள்.

அதனால்தான் அவள் சொல்லுகிற கதையில் அறுபத்தியொரு மணி நேரமும் அவள் வயிறே. அவருடைய பத்தரை மணி நேரத்தை மறைக்கப் போய்த்தான் அறுபத்தியொரு மணி மூன்று நாளாக ஊதி, ஒரு குடுவை பதினொன்றாகப் பெருகியது. நம்பவே முடியாத கதையை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள் அல்லவா? பெருக்கிப் பெருக்கிச் சொன்னதில் அவளுக்கு ருசியும் கண்டுவிட்டது. அதை அவள் மறுக்க மாட்டாள்.

அந்தச் செல்களிடம் அவள் நன்றாகவே வேலை வாங்கினாள். மருந்து முன்வாசல் வழியாக வந்தால் பின்வாசல் வழியாகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற ஒரு புரதத்தை நாற்பத்திநாலில்தான் கண்டுபிடித்தாள். இப்போது அந்த மருந்தைக் கொடுப்பதற்கு முன் அந்தப் புரதம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். அதைப் பார்க்கத் தையல்காரம்மா இல்லை.

மூன்று மணிக்குச் சரியாக அதிகாரி வந்தாள். முப்பது வயதுகூட இராது. கையில் அட்டை, அட்டையில் காகிதம், காகிதத்தில் கட்டங்கள். அடைக்கோழி மனசுக்குள் அவளுக்குச் செக்லிஸ்ட் என்று பெயர் வைத்தாள். செக்லிஸ்ட் பழுப்பேறிய நோட்டைத் திறந்தாள்.

"செவ்வாய், மாலை அஞ்சு மணி. 37.1. வயிறு, இடது பக்கம்." கண்ணாடியைச் சரிசெய்தாள். "வயிறா?"

"வலது பக்கம் எனக்குக் கூச்சம்."

"மேடம், நோயாளியோட திசுவை வீட்டுக்குக் கொண்டுபோனீங்களா?"

"ஆமா. வேலையை விட்டு எடுத்துடுங்களேன்," என்றாள் அடைக்கோழி ஆசையாக.

நாத்தனார் சிரிப்பை அடக்கக் கண்கட்டைப் பிடித்துக்கொண்டாள். செக்லிஸ்ட் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள்.

"வியாழக்கிழமை காலை எட்டரை மணியிலிருந்து கையெழுத்து வேற மாதிரி இருக்கு. உங்க எழுத்து கோழி கிளறின மாதிரி... மன்னிக்கணும். இது அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துல டிகிரின்னு முழுசா எழுதியிருக்கு. யாரு எழுதினது?"

செய்தித்தாள் லேசாக ஆடியது.

அடைக்கோழி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு பெயர் சொன்னால் போதும். தையல்காரம்மாவின் செல்களும் பிழைக்கும், முப்பத்து நாலு வருடமும் பிழைக்கும். நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான்," என்றாள். "இடது கையால எழுதினேன்."

"அன்னைக்கு நீங்க மேலிடக் குழு முன்னாடி பேசினதா வருகைப் பதிவுல இருக்கே?"

"குடுவையைக் கட்டிக்கிட்டே பேசினேன்."

"இடது கையால எழுதிக்கிட்டே?"

"எனக்கு நாலு கை அப்போ. வயசாக ஆக ரெண்டு விழுந்துடுச்சு."

செக்லிஸ்ட் பேனாவை மூடினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. "மேடம், நாங்க படிச்சதே உங்க கட்டுரைங்களைத்தான். இப்படி விளையாட்டா பதில் சொன்னா நான் இந்தக் கட்டத்துல என்ன போடறது? சாட்சி இல்லைன்னுதான் எழுதணும்."

"எழுதும்மா," என்றாள் அடைக்கோழி. முதல்முறையாக அவள் குரலில் வயது தெரிந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. தராசு எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம். பெட்டி இழுபடும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் நாடா கட்டிய கோப்பு. முடிச்சை அவிழ்க்கவே ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"இது என்மேல வந்த புகார். நகல். தேதி, அலுவலக முத்திரை, எல்லாம் இருக்கு. படிங்க."

செக்லிஸ்ட் சத்தமாகப் படித்தாள். "வியாழக்கிழமை, ஆய்வாளர் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிய தட்டையான பாட்டில்... அதில் சிவப்பு நிறத் திரவம், கழுத்து வரை நிரம்பியது..." நிறுத்தினாள். அடைக்கோழியின் நோட்டை இழுத்து அதே தேதியில் விரலை வைத்தாள். "கழுத்து வரை நிரப்பி மூடப்பட்டது," என்று நோட்டிலிருந்து படித்தாள்.

"அடப்பாவி அண்ணே!" என்று கத்தினாள் நாத்தனார். "முப்பத்தோரு வருஷமா நீ திருட்டுத்தனமா குடிச்சேன்னு நினைச்சு, ஊரே பேசியும் ஒரு வார்த்தை கேக்காம உன் மானத்தைக் காப்பாத்திட்டு இருக்கேன்டா நான்!"

"ரொம்ப நன்றி," என்றார் தராசு. கோப்பின் அடுத்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்து, அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "இது நான் குடுத்த பதில். புகார் உண்மை. என் பதில்தான் பொய்."

"என்னங்க, வேண்டாம்," என்றாள் அடைக்கோழி. "நான் யார்கிட்டயும்..."

"நீ சொல்லலை. அதான் தெரியுதே, நாலு கைன்னு." மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு செக்லிஸ்டைப் பார்த்தார். "நேரில பார்த்தவங்கன்னு மட்டும்தானே போட்டிருக்கு? புருஷன் கூடாதுன்னு விதி இருக்கா?"

செக்லிஸ்ட் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினாள். "இல்ல சார். ஆனா இன்குபேட்டராவே இருந்தவர் சாட்சியா வரலாமான்னு எங்கயும் எழுதலை."

"எழுதலைன்னா வரலாம். எங்க கையெழுத்து?"

"ஒரு நிமிஷம் சார். போன்ல கேட்டப்போ யாரும் பார்க்கலைன்னீங்க. அது நடந்ததா, நடக்கலையா? நீங்க உங்க வாயால சொல்லணும். அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு."

தராசு பேனாவைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பெரிய சிரிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். இனி வாழ்நாள் முழுக்க இதை வைத்தே தன்னை ஓட்டப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"நடந்தது," என்றார். "ஆனா பதினொரு குடுவை இல்ல, ஒண்ணு. மூணு நாள் இல்ல, அறுபத்தியொரு மணி பதினஞ்சு நிமிஷம். அதுல பத்தரை மணி நேரம் என் வயிறு. எழுதிக்கோங்கம்மா: அவ வயிறு 36.4லேருந்து 37.1 வரைக்கும் ஆடிச்சு. என்னுது 36.8. கடைசி வரைக்கும் முள்ளு அசையலை."